நல்ல பக்கத்துக் கம்பு

இடுப்பு வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேள்வி கேட்பதில்லை. கையை வைத்துக் காட்டச் சொல்வேன். பாளையங்கோட்டையில் என் பிசியோதெரபி கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் கையை முதுகுக்குக் கொண்டுபோய், முதுகெலும்பு முடிகிற இடத்தில் வைப்பார்கள். அது குறுக்கு வலி. முதுகெலும்பின் தட்டு, அதைச் சுற்றிய தசை சம்பந்தப்பட்ட சமாச்சாரம். அதற்கு வேறு வழி உண்டு. சிலர் பேன்ட் பாக்கெட் வருகிற இடத்தில், பக்கவாட்டில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் மேல் உள்ளங்கையை வைப்பார்கள். மூன்றாவதாகச் சிலர் இருக்கிறார்கள். கட்டைவிரல் பின்னாலும் மற்ற நான்கு விரல்கள் முன்னால் தொடை இடுக்கை நோக்கியும் இருக்க, இடுப்பின் ஓரத்தை அப்படியே கவ்விப் பிடிப்பார்கள். அந்தப் பிடியைப் பார்த்ததுமே கோளாறு மூட்டுக்குள் இருக்கலாம் என்று மனதில் குறித்துக்கொள்வேன்.

இடுப்பு மூட்டு முன்பக்கம் இருக்கிறது என்று சொன்னால் ஒருவரும் லேசில் நம்புவதில்லை. தொடை இடுக்கின் நடுவில் விரலை அழுத்தினால் நாடி துடிக்கும். அந்த ரத்தக் குழாய்க்குப் பின்னால், ஆழத்தில் தொடை எலும்பின் உருண்டைத் தலை இருக்கிறது. பள்ளிப் பாடத்தில் பந்துக்கிண்ண மூட்டு என்று படித்தது இதைத்தான். அங்கே வலி வந்தால் பலர் குடலிறக்கமோ என்று பயந்து வயிற்று டாக்டரிடம் போய்விட்டுத்தான் இங்கே வருகிறார்கள்.

அதைவிட ஏமாற்று வேலை முழங்காலில் நடக்கும். இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் கிளை விடுகிற நரம்பு ஒன்று உண்டு. மேலே புண்பட்டால் கீழே வலிக்கும். ஜவுளிக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி முழங்காலுக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்துத் தோலே கறுத்துப்போய் வந்தார். முழங்கால் எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கி, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பினேன். அப்படித் திருப்பினால் தொடை எலும்பு உட்பக்கமாகச் சுழல வேண்டும். சுழலவில்லை, அண்ணாச்சி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இடுப்பு மூட்டு தேயும்போது பெரும்பாலும் முதலில் பறிபோவது இந்த உள்சுழற்சிதான். முழங்கால் வலி என்று வருகிற பதின்வயதுப் பிள்ளைகளையும் இடுப்பைச் சோதிக்காமல் நான் அனுப்புவதில்லை. அந்த வயதில் தொடை எலும்பின் தலை வளர்ச்சிக் குருத்தெலும்பிலிருந்து வழுக்கி இறங்குகிற நோய் ஒன்று உண்டு. அதைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் ஆயுள் முழுக்க நொண்ட வேண்டிவரும்.

இதையெல்லாம் புத்தகத்தில் படித்ததைவிட, பிணத்தின் மேல் கையை வைத்துப் படித்ததுதான் நின்றது. முதலாண்டில் எங்களுக்கும் உடற்கூறு வகுப்பு உண்டு. ஃபார்மலின் நெடியில் கண் எரிந்து மூக்கு ஒழுகும். சௌராசியா புத்தகத்தில் நரம்பு மஞ்சள், தமனி சிவப்பு, சிரை நீலம். மேஜையில் கிடக்கும் உடம்பில் எல்லாம் ஒரே பழுப்பு. குப்புறப் படுத்திருந்த உடம்பில் கெட்டியான கொழுப்பை நீக்கியதும் முதலில் தெரிவது குளூட்டியஸ் மேக்சிமஸ். இழைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் பருமன். சார் அதைக் குறுக்கே வெட்டி இரண்டு பக்கமும் புரட்டிப் போட்டார். உள்ளே ஒரே குழப்பம். "பைரிபார்மிஸைத் தேடிப் பிடி. மத்ததெல்லாம் தானா வரும்" என்றார்.

அது உண்மைதான். திருவெலும்பின் உள்பக்கத்தில் தொடங்கி வெளியே வந்து தொடை எலும்பில் ஒட்டுகிற சின்னத் தசை அது. அதற்கு மேலே வெளிவருவது மேல் குளூட்டியல் நரம்பு. கீழே வெளிவருவது சயாட்டிக் நரம்பு, கட்டைவிரல் அகலம் இருக்கும். உடம்பிலேயே பெரிய நரம்பு. சிலருக்கு அந்த நரம்பு இரண்டாகப் பிரிந்து ஒரு பாதி தசைக்குள்ளேயே புகுந்து வரும். பீட்டன், ஆன்சன் என்ற இருவர் 1937-லேயே இதை வகைபிரித்து எழுதியிருக்கிறார்கள். இன்று யூடியூப் பார்த்துவிட்டு, அந்தத் தசைதான் நரம்பை நசுக்குகிறது என்று நம்பி "எனக்கு பைரிபார்மிஸ் மேடம்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வருகிறவர்கள் ஏராளம். நூற்றில் ஒருவருக்கு இருந்தால் பெரிது என்று வாய்வரைக்கும் வரும். அடக்கிக்கொண்டு, கட்டிலில் ஏறிப் படுக்கச் சொல்வேன். பைரிபார்மிஸுக்குக் கீழே வரிசையாக இருக்கும் மற்றச் சுழற்றுத் தசைகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோம். அவற்றின் பெயரைச் சொல்லி இதுவரை ஒரு நோயாளியும் வந்ததில்லை.

இடுப்பெலும்பும் அன்று கைக்கு வந்தது. பார்க்க ஒரே எலும்பு. குழந்தைப் பருவத்தில் அது மூன்று: மேலே விசிறியாக விரியும் இலியம், நாம் உட்காரும்போது தரையில் ஊன்றும் இஸ்கியம், முன்னால் நடுவில் வந்து சேரும் பியூபிஸ். மூன்றும் சந்திக்கிற இடம் சரியாக அந்த மூட்டுக் கிண்ணத்தின் நடு. பதின்வயதின் பாதியில்தான் அவை ஒன்றாக இணைகின்றன. நடக்கக் கற்ற பிள்ளை பத்துப் பன்னிரண்டு வருடம் இணையாத கிண்ணத்தின் மேல்தான் ஓடி விளையாடுகிறது என்று நினைத்தபோது, மற்றவர்கள் அடுத்த மேஜைக்குப் போன பிறகும் அந்த எலும்பைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் நான் பிழைப்பு நடத்துவது வேறு ஒரு தசையை வைத்து. குளூட்டியஸ் மீடியஸ். மேக்சிமஸுக்குத்தான் பெயரும் புகழும். மாடி ஏற, ஓட, உட்கார்ந்து எழ அது வேண்டும். மீடியஸ் பக்கவாட்டில், இலியத்தின் வெளிப்புறம் முழுக்கப் பரவித் தொடங்கி, கீழே ட்ரொகேன்டர் என்ற அந்தத் துருத்திய எலும்பில் வந்து குவிகிறது. அதன் வேலை தொடையை வெளிப்பக்கம் விரிப்பது என்று புத்தகம் சொல்லும். நாள் முழுக்கத் தொடையை விரித்துக்கொண்டு திரிகிறவர் யார்? அதன் நிஜமான வேலை தலைகீழ். எழுந்து நின்று, இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில் உள்ளங்கையை வையுங்கள். எதிர்க்காலைத் தூக்குங்கள். கைக்கடியில் தசை கல்லாக இறுகும். தூக்கிய கால் பக்கம் இடுப்பு தொங்கிவிடாமல் இந்தப் பக்கத்திலிருந்து அது இழுத்துப் பிடித்திருக்கிறது. நடப்பது என்பது பெரும்பாலும் ஒற்றைக் காலில் நிற்பதுதான். ஒரு நடைச் சுற்றில் இரண்டு பாதமும் தரையில் இருக்கும் நேரம் ஐந்தில் ஒரு பங்கு. மீதி நேரமெல்லாம் ஏதோ ஒரு பக்கத்து மீடியஸ் வேலையில் இருக்கிறது.

அது எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை ஜெர்மனியின் ஆகன் நகரத்து எலும்பு மருத்துவர் பிரெடரிக் பௌவெல்ஸ் 1930-களில் கணக்குப் போட்டு எழுதினார். பூங்காவில் சீசா பலகையில் அப்பாவும் பிள்ளையும் எதிரெதிரே உட்கார்ந்தால், அப்பா நடுக்கட்டைக்கு நெருங்கி வந்துதான் சமன் ஆக வேண்டும். இங்கே நடுக்கட்டை, தொடை எலும்பின் தலை. மீடியஸ் அதிலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளி இழுக்கிறது. மறுபக்கம் உடம்பின் எடை அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் தள்ளி அழுத்துகிறது. ஆகவே நம் எடையைப்போல இரண்டு மடங்கு விசை போட்டால்தான் மீடியஸ் இடுப்பைச் சாயாமல் வைக்க முடியும். மேலிருந்து வருகிற எடையும் தசையின் இழுப்பும் சேர்ந்து மூட்டின் தலையில் விழுகின்றன. 60 கிலோ உள்ள ஒரு பெண் ஒற்றைக் காலில் நிற்கும்போது அந்த மூட்டு தாங்குவது 150 கிலோவுக்கு மேல். பின்னாளில் பெர்லினில் கெயோர்க் பெர்க்மான் குழுவினர் செயற்கை மூட்டுக்குள்ளேயே உணர்கருவி வைத்து அளந்தபோதும் ஏறக்குறைய இதே கணக்குதான் வந்தது. தடுக்கிய கணத்தில் எடையைப்போல ஏழெட்டு மடங்கு. உடம்பில் ஒரு கிலோ குறைத்தால் மூட்டுக்கு மூன்று கிலோ மிச்சம் என்று நான் எல்லாரிடமும் சொல்வேன். கேட்பவர்கள் குறைவு.

மீடியஸ் செத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 1895-ல் பிரெடரிக் ட்ரெண்டலன்பர்க் எழுதினார். பிறவியிலேயே இடுப்பு மூட்டு விலகியவர்களைக் கவனித்தவர் அவர். நோயுள்ள காலில் நின்றால் எதிர்ப்பக்கத்து இடுப்பு கீழே தொங்குகிறது என்று கண்டார். அதுவரை காரணத்தை மூட்டிலேயே தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் தசையைக் காட்டினார். எங்கள் பக்கம் மீடியஸ் இப்படிச் செத்தவர்களில் பலர் இளம்பிள்ளை வாதம் வந்தவர்கள். 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. அதற்கு முந்தைய தலைமுறை இன்றும் நம்மோடு நடந்துகொண்டிருக்கிறது. அவர்கள் இடுப்பைத் தொங்கவிடுவதில்லை. வாதம் வந்த காலை ஊன்றும்போதெல்லாம் மேலுடம்பை அதே பக்கம் சாய்த்து ஆடி ஆடி நடப்பார்கள். உடம்பின் எடையை மூட்டுக்கு நேர் மேலே கொண்டுவந்துவிட்டால் இழுக்க வேண்டிய விசை குறைந்துவிடும். பௌவெல்ஸின் கணக்கை அவர்கள் நாலு வயதிலேயே தாங்களாகப் போட்டுக்கொண்டார்கள்.

அப்படி ஆடி நடக்கும் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவரை அவருடைய மகள் கூட்டிவந்தாள். "அப்பா நேரா நடக்கணும் மேடம், பேரன் கல்யாணத்துல பந்தியில நடந்து வந்தா எல்லாரும் பாக்காங்க." அவருக்கு வேலை செய்யும் மீடியஸே கிடையாது. ஆடாமல் நடக்கச் சொன்னால் விழுவார். விழாவிட்டால் மூட்டு நொறுங்கும். ஆட்டத்தைத் திருத்துவதுதான் பிசியோவின் வேலை என்று நினைக்கிறவர்கள் எங்கள் தொழிலுக்குள்ளேயே இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தசை உயிரோடு இருந்து சோம்பிக் கிடந்தால் திருத்தலாம். இல்லாத தசைக்கு உடம்பு கண்டுபிடித்த மாற்று வழியைப் பறிக்கக் கூடாது. செருப்பில் கட்டை வைத்துக் கால் நீளத்தைச் சரிசெய்தோம், கையில் ஒரு கம்பு கொடுத்தோம். ஆட்டம் பாதியாயிற்று. மகளுக்கு அது போதவில்லை.

கம்பு என்றால் எந்தக் கையில் என்பது பெரிய சண்டை. வலிக்கிற பக்கத்தில்தான் எல்லாரும் பிடிப்பார்கள். சினிமாவில் நொண்டுகிறவரும் அப்படித்தான் பிடிப்பார். வீரவநல்லூரிலிருந்து வந்த ஓர் ஆச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏ தாயி, வலிக்கது இந்தக் காலு. கம்ப அந்தக் கையில பிடிக்கச் சொல்லுதியே, படிச்சுட்டுத்தான் வந்தியா?"

"படிச்சுட்டுத்தான் வந்தேன் ஆச்சி. ஒரு நடை நடந்துதான் பாருங்களேன்."

வலது இடுப்பு வலித்தால் கம்பு இடது கையில். வலது காலும் கம்பும் ஒன்றாக ஊன்ற வேண்டும். வலது காலில் நிற்கும்போது தொங்கப் பார்ப்பது இடது பக்கம். அதைக் கீழிருந்து தாங்குவது கம்பு. மூட்டிலிருந்து கம்பு 40 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்பதால், அதில் 5 கிலோ ஊன்றினாலே தசையின் இழுப்பில் ஏட்டுக் கணக்குப்படி 40 கிலோ குறையும். வலிக்கிற பக்கமே கம்பைப் பிடித்தால் இந்த லாபம் வராது. அமெரிக்க எலும்பு மருத்துவர் வால்டர் பிளவுன்ட் 1956-ல் கைத்தடியைத் தூக்கி எறியாதீர்கள் என்ற பொருளில் ஒரு கட்டுரையே எழுதினார். மூட்டைத் தொடாமல் மூட்டுக்குச் செய்யும் வைத்தியம் என்று நான் சொன்னால் அது அவரிடம் கற்றது. கம்பின் உயரம் மணிக்கட்டு ரேகை வரை. அடியில் ரப்பர் தேய்ந்திருக்கக் கூடாது. ஆச்சி வராந்தாவில் போய்த் திரும்பி வந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. கம்பைக் கை மாற்றவுமில்லை.

பை விஷயம் இன்னும் தலைகீழ். காய்கறிப் பையை நல்ல பக்கத்துக் கையில் தூக்குவதுதான் நியாயம் என்று தோன்றும். அப்படித் தூக்கினால் அந்தப் பையும் தொங்குகிற பக்கத்தோடு சேர்ந்துகொண்டு, வலிக்கிற பக்கத்து மீடியஸை இன்னும் இழுக்கவைக்கும். பை வலிக்கிற பக்கம், கம்பு நல்ல பக்கம். இதைச் சீட்டில் படம் போட்டுக் கொடுத்தாலும் வீட்டில் மருமகள் "அத்தை, மாத்திப் பிடிச்சிருக்கீங்க" என்று திருத்திவிடுவாள்.

மூட்டு மாற்று அறுவை செய்கிற டாக்டர்களும் இதே சீசாவோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி 1962-ல் இன்றைய செயற்கை இடுப்பு மூட்டுக்கு வழி போட்டபோது, கிண்ணத்தைச் சற்று உள்ளே தள்ளிவைத்தார். தசை ஒட்டுகிற எலும்புத் துண்டை வெளியே நகர்த்திப் பொருத்தினார். நடுக்கட்டையிலிருந்து எடையின் தூரம் குறைந்தது, தசையின் தூரம் கூடியது. அதே மருத்துவமனையின் கெவின் ஹார்டிஞ்ச் 1982-ல் பக்கவாட்டு வழியாக மூட்டுக்குள் போகும் முறையை எழுதினார். அதில் மீடியஸின் முன்பகுதியைப் பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டும். பின்வழியாகப் போனால் மீடியஸ் தப்பும், பைரிபார்மிஸும் கூட்டாளிகளும் வெட்டுப்படும். அதனால் டிஸ்சார்ஜ் சம்மரி கையில் வந்ததும் எந்த வழியாக உள்ளே போனார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். பக்கவழி என்றால் சில வாரம் காலைப் பக்கவாட்டில் தூக்கவிட மாட்டேன். பின்வழி என்றால் குனிந்து, காலை உட்பக்கம் சேர்த்து, உள்ளே திருப்பக் கூடாது. மூன்றும் சேர்ந்தால் பந்து பின்பக்கமாகக் கழன்றுவிடும். தாழ்வான மோடாவிலிருந்து எழும்போதும் தரையில் கிடக்கும் செருப்பை எடுக்கும்போதும் நாம் செய்வது அதைத்தான். இந்தியன் டாய்லெட்டுக்கு மாற்று ஏற்பாடு செய்யாமல் டிஸ்சார்ஜ் ஆகி வருகிறவர்களின் வீட்டுக்கு நானே போய்ப் பார்ப்பதுண்டு. பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டு கம்மோடு செய்த ஒரு தச்சர் அண்ணன் எனக்குப் பல தடவை கைகொடுத்திருக்கிறார்.

இப்போது அதிகம் வருவது பக்கவாட்டு வலி. நாற்பது தாண்டிய பெண்கள். இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது, பஸ் படி ஏறினால் சுள்ளென்கும். மூட்டு தேய்ந்துவிட்டது என்று பயந்து வருவார்கள். தேய்வு பெரும்பாலும் மூட்டில் இல்லை. மீடியஸ் ட்ரொகேன்டரில் ஒட்டுகிற தசைநாரில். தொடை உட்பக்கம் சேரும்போதெல்லாம் அந்தத் தசைநார் எலும்பின் மேல் நசுங்குகிறது. சோழர் செப்புச் சிலையில் பார்வதி ஒரு காலில் எடையைப் போட்டு இடுப்பை வெளியே தள்ளி ஒய்யாரமாக நிற்பாளே, அந்த நிலை தசைநாருக்கு ஆகாது. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு நிற்பதும், கால்மேல் கால் போட்டு உட்காருவதும், மேல்கால் முன்னால் சரிய ஒருக்களித்துத் தூங்குவதும் அதே ரகம். பிள்ளையைக் கீழே விடு, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை வை என்றாலே பாதி வலி போகிறவர்கள் உண்டு.

முக்கூடல் பக்கத்திலிருந்து வரும் பீடி சுற்றும் பெண்களுக்கு இதோடு இன்னொன்றும் சேரும். மடியில் தட்டை வைத்து ஆயிரம் பீடி முடிகிறவரை குனிந்து உட்கார்ந்தே இருப்பதால் முன்பக்கத்து இடுப்புத் தசை இறுகிவிடுகிறது. கட்டிலில் மல்லாக்கப் படுத்து ஒரு முழங்காலை நெஞ்சோடு அணைத்தால் மற்றத் தொடை கட்டிலை விட்டு மேலே எழும்பும். லிவர்பூலில் 19-ஆம் நூற்றாண்டில் இருந்த ஹ்யூ ஓவன் தாமஸ் சொன்ன சோதனை அது. அவர் பரம்பரையாக எலும்பு கட்டும் வைத்தியர் குடும்பத்துப் பிள்ளை. நம்மூர்க் கட்டு வைத்தியர்களைப் பற்றி என் சக பிசியோக்கள் ஏளனமாகப் பேசும்போது இதை நினைவுபடுத்துவேன். சில கட்டுகளின் இறுக்கத்தை அவிழ்த்துப் பார்த்தவள் என்பதால் முழுக்க ஆதரித்தும் பேச முடியாது.

பக்கவாட்டு வலிக்கு ஸ்டீராய்டு ஊசி உடனே கேட்கும். 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வில், எட்டு வாரம் ஒழுங்காகச் செய்த பயிற்சியும் நிற்க உட்காரச் சொல்லிக்கொடுத்த புத்தியும் ஊசியை முந்தின. பயிற்சி சாதாரணமானது. நல்ல பக்கமாக ஒருக்களித்துப் படுத்து மேல்காலைத் தூக்குவது. ஆனால் உடம்பு கள்ளத்தனம் செய்யும்: இடுப்பு பின்னால் உருளும், பாதம் மேல்நோக்கித் திரும்பும், தொடையின் முன்தசை வேலையைத் தூக்கிக்கொண்டு போய்விடும், மீடியஸ் தூங்கும். அதனால் முதுகையும் குதிகாலையும் சுவரோடு ஒட்டவைத்து, குதிகால் சுவரை விடாமல் ஊர்ந்து மேலே போக வேண்டும் என்பேன். ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். சரியாகச் செய்தால் பத்தாவது தடவையில் பக்கவாட்டில், பேன்ட் பாக்கெட்டுக்குச் சற்றுப் பின்னால் காந்தும். முன்தொடையில் காந்தினால் மறுபடி முதலிலிருந்து. அது பழகிய பிறகு அடுப்பு மேடையை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு, பால் பொங்குகிறவரை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வேன். பாவாடை நாடா இரண்டு பக்கமும் சமமட்டமாக இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தசைநார் தேறி வர மூன்று மாதம் ஆகும். வலி அதற்கு வெகு முன்னாலேயே குறைந்துவிடும். அதோடு வருவதை நிறுத்திவிடுகிறார்கள். போன் போட்டுக் கேட்டால், "இப்ப ஒண்ணும் இல்ல மேடம், வலிச்சா வாரேன்" என்கிறார்கள்.